சோஜிக்குள்ளே கரண்ட்

சோஜி ஒரு காலை மட்டும்தான் விட்டான். அதுவும் முழங்கால் வரைதான். அதற்கே அவன் போட்ட கூச்சலில், தலைக்கு ஷாம்பு தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஷாம்பு கண்ணில் போனால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒசாகாவில் மினோரியின் அப்பாவும் அம்மாவும் நடத்தும் பொதுக் குளியலகம் அது. பெண்கள் பக்கத்தில் நான்கு தொட்டிகள். ஒன்றில் சூடான நீர். இன்னொன்றில் அதைவிடச் சூடான நீர். மூன்றாவதில் பல்லைக் கிட்ட வைக்கும் குளிர்ந்த நீர். மூலையில் இருக்கும் நான்காவதுதான் மின்சாரத் தொட்டி. அதன் இரண்டு பக்கச் சுவர்களிலும் உலோகத் தகடுகள் பதித்திருக்கும். நடுவில் போய் உட்கார்ந்தால் லேசான மின்சாரம் நீர் வழியாக வந்து, சுருக் சுருக்கென்று இடுப்பைப் பிடித்துவிடும். முதுகுவலிக்காரர்கள் அதற்காகவே பேட்டை தாண்டி வருவார்கள். “சிறுவர்களும் இதயநோய் உள்ளவர்களும் இறங்கக் கூடாது” என்று மேலே ஒரு பலகை தொங்கும்.

பத்து வயது மினோரிக்கு அந்தப் பலகை மனப்பாடம். தம்பி சோஜிக்கு ஆறு வயது. அந்த ஏப்ரலில்தான் முதல் வகுப்பில் சேர்ந்திருந்தான்.

“ஒகுமுரா அத்தை மட்டும் தினம் அதுல உக்காந்து தூங்கறாங்க. நான் ஏன் இறங்கக் கூடாது?” என்று கேட்டான் அவன்.

‘பலகையில் போட்டிருக்கிறது, அதனால் கூடாது’ என்று மினோரி சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவளுக்கு என்னவோ பெரிய மனுஷி ஆகிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

“பயந்தாங்கொள்ளிங்க எல்லாம் இதுல இறங்க முடியாது,” என்றாள்.

“நான் ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்ல!”

“அப்ப ஒரு கால மட்டும் விடு, பாக்கலாம். மூச்ச இறுக்கிப் பிடிச்சுக்கோ. மூச்சு பிடிச்சா கரண்ட் உள்ள நுழையாது.”

இது அவள் அந்த நிமிஷத்தில் உருட்டிய பொய். ஆனால் சொன்ன வேகத்தில் அவளுக்கே அது உண்மை போலத் தோன்றியது. சோஜி கன்னத்தைப் பேத்தை மீன் போல உப்பிக்கொண்டு காலை விட்டான். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் கூச்சல்.

தொட்டிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அந்தப் பேட்டை வாடிக்கைக்காரி ஒகுமுரா அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “யாருடா அது, நான் தூங்கற நேரம் பாத்துக் காக்கா மாதிரிக் கத்தறது?”

“வழுக்கிட்டான் அத்தை,” என்று சொல்லிவிட்டு, மினோரி தம்பியை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். அம்மாவிடம் சொல்லாமல் இருப்பதற்காக, குளித்ததும் குடிக்கும் தன் பங்குக் காபிப் பாலையும் அவனுக்கே கொடுத்தாள்.

மறுநாள் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் இதயப் பரிசோதனை. வருஷா வருஷம் நடப்பதுதான். வரிசையில் நின்று, படுத்து, எழுந்து வந்துவிட்டான் சோஜி. யாரும் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

யோசிக்க வேண்டி வந்தது மே மாதத்தில்.

பள்ளியிலிருந்து வந்த தாளைக் கல்லாவில் உட்கார்ந்து அம்மா இரண்டு தடவை படித்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

“இங்க பாருங்க. சோஜியோட இதயத்துல மின்சார ஓட்டம் ஒழுங்கா இல்லையாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் மறுபடி பாக்கச் சொல்றாங்க.”

“சின்னப் பசங்களுக்கு இப்படி வர்றதுதான். பாத்துட்டு அனுப்பிடுவாங்க,” என்றார் அப்பா. சொன்னவர், ஏற்கனவே மடித்து வைத்திருந்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“அதுவரைக்கும் ஓடக் கூடாதாம். விளையாட்டு வகுப்பும் வேண்டாமாம்.”

மினோரி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மின்சார ஓட்டமா? இதயத்திலா? சோஜிக்குள் மின்சாரம் போக ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியைக் காட்டிவிட்டதே அவள்தான்.

கால் வழியாக ஏறியிருக்கிறது. ஏறி, நேராக இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று அவள் சோற்றுக் கிண்ணத்தில் பாதியை மிச்சம் வைத்தாள். சோஜி தன் கிண்ணத்தையும் முடித்துவிட்டு, அதையும் எடுத்துச் சாப்பிட்டான்.

மறுநாள் பள்ளியில் மினோரி தன் தோழி அயாமேயைப் பிடித்துக்கொண்டாள்.

“அயாமே, மனுஷங்க இதயத்துல கரண்ட் இருக்குமா?”

“எப்படி இருக்கும்? இருந்தா நான் உன்னத் தொட்டா ஷாக் அடிக்கணுமே.” அயாமே அவள் கையில் ஒரு விரலால் குத்திப் பார்த்தாள். “பாத்தியா, ஒண்ணும் இல்ல.” பிறகு அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. “ஆனா டிவில டாக்டருங்க நெஞ்சுல எதையோ வெச்சு டமால்னு கரண்ட் குடுப்பாங்களே. உடனே ஆள் பொழச்சுக்குமே.”

“அப்ப கரண்ட் நல்லதா, கெட்டதா?”

“நல்லது... இல்ல, கெட்டது. வெளிய இருந்தா கெட்டது. உள்ள இருந்தா...” அயாமே தலையைச் சொறிந்தாள். “போடி, எனக்கு வகுத்தல் கணக்கே இன்னும் முடியல. இதை வேற கேக்கற.”

மினோரிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. எல்லாருடைய இதயத்திலும் மின்சாரம் இருந்தால், வயர் எங்கே? ஸ்விட்ச் எங்கே? தூங்கும்போது யார் போட்டு வைக்கிறார்கள்? சோஜிக்குள் மின்சாரம் கூடுதலாகப் போய்விட்டதா? இல்லை, போன வழியிலேயே அவனுடையதும் சேர்ந்து வெளியே ஒழுகிவிட்டதா?

அப்பாவிடம் கேட்கலாம்தான். கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்று அவர் கேட்பார். அப்புறம் தொட்டிக் கதையையும் சொல்ல வேண்டி வரும்.

கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். கூடுதலாகப் போயிருந்தால் ரப்பர்தான் மருந்து. மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள் ரப்பர் கையுறை போட்டுக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள்.

அடுத்த நாள் காலை, வானத்தில் ஒரு மேகம் கிடையாது. சோஜி முதல் வகுப்புப் பிள்ளைகளின் மஞ்சள் தொப்பியும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்தான். அவன் கையைப் பிடித்திருந்த மினோரியின் கையில், தொட்டி கழுவும் பச்சை ரப்பர் கையுறை.

எதிரே சைக்கிளில் வந்த ஒகுமுரா அத்தை பிரேக் போட்டு நிறுத்தினாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு இருவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“மழை வரப்போகுதா என்ன?”

“வரும் அத்தை,” என்றாள் மினோரி.

“கையுறை எதுக்குடி?”

“அதுவும் மழைக்குத்தான்.”

அத்தை வீட்டுக் கொடியில் காயப்போட்ட துணியை எடுக்கத் திரும்பிப் போய்விட்டாள்.

“அக்கா, கால் வேகுது,” என்றான் சோஜி.

“பொறுத்துக்கோ.”

“ஓடிப் போனா சீக்கிரம் ஸ்கூல் வந்துடும்.”

“ஓடவே கூடாது!” மினோரி போட்ட சத்தத்தில் அவன் நின்றே விட்டான்.

சாயங்காலம் இன்னும் பெரிய சிக்கல். குளிக்கும் நேரம். சோஜி எப்போதும் போலச் சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தான். மினோரி குறுக்கே நின்றாள்.

“நீ தொட்டியில இறங்கக் கூடாது.”

“ஏன்?”

“உனக்குள்ள கரண்ட் இருக்கு. நீ இறங்கினா தண்ணில இருக்கற எல்லாருக்கும் ஷாக் அடிக்கும்.”

சோஜி வெறும் உடம்போடு அங்கேயே நின்று யோசித்தான். அவன் கீழுதடு மெல்லப் பிதுங்கியது.

“அப்ப நான் மின்சாரத் தொட்டி ஆயிட்டேனா?”

“அப்படித்தான்னு வெச்சுக்கோ.”

“ஒகுமுரா அத்தை இனிமே என்மேலயா உக்காருவாங்க?”

ஒகுமுரா அத்தையின் அகலம் அந்தப் பேட்டைக்கே தெரியும். சோஜி ஓவென்று அழுதுவிட்டான். மினோரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது.

இரண்டு நாள் இப்படியே ஓட்டினாள். மூன்றாம் நாள், குளியலகம் நடத்துகிறவர் பிள்ளையிடமிருந்து வியர்வை வாடை வருகிறதே என்று அம்மா மூக்கைச் சுளித்தாள். சோஜியைத் தூக்கிக்கொண்டு போய் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சுடுநீர்த் தொட்டியில் இறக்கிவிட்டாள். உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். மினோரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். காதையும் பொத்திக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒருத்தி பாட்டை முணுமுணுத்துக்கொண்டு முகம் கழுவினாள். சோஜி தண்ணீரில் வாத்து போல நீந்திக்கொண்டிருந்தான்.

‘அப்பாடா’ என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் மினோரியின் குழப்பம் இன்னும் மோசமானது. ஷாக் அடிக்கவில்லை என்றால் கூடுதலாக இல்லை. கூடுதலாக இல்லை என்றால் ஒழுகிப் போயிருக்கிறது. ஒழுகி ஒழுகித் தீர்ந்தே போய்விட்டால்?

அதன் பிறகு சோஜியின் பையையும் அவளே சுமந்தாள். அவன் படியேறினால் பின்னாலிருந்து தாங்கினாள். சாப்பிடும்போதும், படம் வரையும்போதும், திடீர் திடீரென்று அவன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். அடிக்கிறதா? அடிக்கிறது. சரி. கையை எடுத்த உடனே மறுபடி பயம்.

“அக்கா, கூசுது!” என்று நெளிவான் அவன்.

தன் தம்பி இல்லாமல் போய்விடுவானோ என்ற நினைப்பை யாரிடமும் சொல்ல முடியாமல் அவள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அப்பா கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். அம்மா சோஜியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் வருவேன் என்று மினோரி பிடித்த பிடிவாதத்தில் அவளையும் அழைத்துப் போனாள்.

ஈசிஜி எடுக்கும் அறையில் ஒரு கட்டிலும், சக்கரம் வைத்த ஒரு மெஷினும் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டவள் நிஷிதா என்ற இளம்பெண். சோஜியைப் படுக்க வைத்து, கைகளிலும் கால்களிலும் உலோகக் கவ்விகளை மாட்டினாள். நெஞ்சில் சின்னச் சின்னக் குமிழ்களை ஒட்டினாள்.

“ஆக்டோபஸ் பிடிச்ச மாதிரி இருக்கா?” என்று சிரித்தாள்.

சோஜி சிரிக்கவில்லை. கவ்வியில் இருந்த உலோகத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பலகை போல விறைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மெஷின் கிர்ரென்று ஒரு தாளைத் துப்பியது. நிஷிதாவின் புருவம் சுருங்கியது.

“ஸ்கூல்ல எடுத்த மாதிரியேதான் வருது,” என்றாள்.

அம்மா கைப்பையின் பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மினோரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“நான்தாம்மா! எல்லாம் என்னாலதான்!”

“என்னடி சொல்ற?”

“நான்தான் அவனைக் கால விடச் சொன்னேன். மின்சாரத் தொட்டியில. ஸ்கூல்ல டெஸ்ட் எடுத்ததுக்கு முந்தின நாள். அந்தக் கரண்ட்தான் உள்ள போயி... இல்ல, வெளிய வந்து... எனக்குத் தெரியலம்மா! ஆனா அவன் இதயத்த நான்தான் கெடுத்துட்டேன்!”

சொல்லி முடிப்பதற்குள் மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகின. அம்மா வாயைத் திறந்தாள்.

அதற்குள் நிஷிதா முந்திக்கொண்டாள். “இரும்மா, இரு. கால்ல பட்ட கரண்ட் இதயத்துல போய்க் குடியிருக்காது. அது அப்பவே போயாச்சு.”

“அப்ப இவனுக்குள்ள இருக்கறது எந்தக் கரண்ட்?”

“அவனோடதுதான். இதயம் தானே தயார் பண்ணிக்கிறது. உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. ரொம்ப ரொம்பக் கொஞ்சம். இந்த மெஷின் கரண்டே குடுக்காது. உள்ள ஓடறத ஒட்டுக் கேக்கும், அவ்வளவுதான்.”

மினோரி மூக்கை உறிஞ்சினாள். இவ்வளவு நாள் ஏமாந்தவள் இனிமேல் எதையும் சும்மா நம்புவதாக இல்லை.

“என் கையில மாட்டிக் காட்டுங்க.”

நிஷிதா கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு சோஜியிடமிருந்து கவ்விகளைக் கழற்றி, அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மினோரியைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். கைக்கும் காலுக்கும் மட்டும் கவ்வி. சில்லென்று இருந்தது. சுருக்கென்று எதுவும் குத்தவில்லை. திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடத் தொடங்கியது. முதலில் ஒரு சின்ன மேடு. கொஞ்சம் சமதளம். பிறகு ஊசி மாதிரி ஒரு பெரிய முனை. மறுபடி மேடு, சமதளம், முனை.

“அந்தச் சின்ன மேடு என்ன?”

“இதயத்தோட மேல் பக்கம், வலது ஓரத்துல, துளியூண்டு ஓர் இடம் இருக்கு. அங்கதான் பொறி கிளம்பும். உடனே மேல் அறை ரெண்டும் சுருங்கி, ரத்தத்தக் கீழ் அறைக்குத் தள்ளும். அதுதான் மேடு.”

“அப்புறம் சமமா இருக்கே. கரண்ட் போயிடுச்சா?”

“போகல. நடுவுல ஒரு காவல்காரன் இருக்கான். அந்தக் கரண்ட அவன் கண் இமைக்கற நேரம் நிறுத்தி வெச்சுட்டுத்தான் கீழ விடுவான். விட்டதும் கீழ் அறை ரெண்டும் ‘தப்’புனு அடிக்கும். அதுதான் பெரிய முனை.”

“எதுக்கு நிறுத்தணும்?” என்று கேட்டுவிட்டு, மினோரியே யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அம்மா கல்லாவில் செய்வதும் இதுதானே! குளித்தவர்கள் வெளியே வரும்வரை, வருகிறவர்களைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பாள். எல்லாரும் ஒரேயடியாக முட்டினால் கதவே அடைத்துக்கொள்ளும். “மேல இருக்கற ரத்தம் முழுசாக் கீழ வர்றதுக்குள்ள கீழ் அறை மூடிக்கக் கூடாது. அதுக்குத்தானே?”

“அதேதான்!” என்றாள் நிஷிதா.

நாற்காலியில் இருந்த சோஜிக்கு இந்த மேடு பள்ளம் எதுவும் காதில் ஏறவில்லை. அக்காவின் கையில் உலோகம். அக்கா பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறாள். அவனால் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, பேசாத! மூச்ச இறுக்கிப் பிடிச்சுக்கோ! கரண்ட் உள்ள போயிடும்!”

அவன் கத்திய கத்தலில் மினோரி தன்னை அறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டாள். கன்னம் உப்பியது. பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு முனை. அடுத்த முனை வரக் கொஞ்சம் நேரமானது. அதற்கு அடுத்தது இன்னும் தள்ளி வந்தது.

“அடடே, இது என்ன?” என்று நிஷிதா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

மினோரி திரையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தபடியே அவனும் கன்னத்தை உப்பி வைத்திருந்தான். புஸ்ஸென்று மூச்சை விட்டுவிட்டு அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“சோஜி! ஸ்கூல்ல டெஸ்ட் எடுத்தப்போ மூச்சப் பிடிச்சியா?”

“ஆமா.”

“இப்பவும் பிடிச்சியா? சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டு?”

“முடியறவரைக்கும் பிடிச்சேன். அப்புறம் கொஞ்சம் விட்டுட்டு மறுபடி பிடிச்சேன்,” என்றான் சோஜி. அக்கா ஏன் இப்படி முழிக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. “நீதான சொன்ன, மூச்சு பிடிச்சா கரண்ட் வராதுன்னு!”

அம்மா மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மறுபடி எடுத்துடலாம்,” என்றாள் நிஷிதா. “தம்பி, இந்தத் தடவை நல்லா மூச்சு விடணும், சரியா?”

“மாட்டேன். கரண்ட் வந்துடும்.”

வராது என்று நிஷிதா சொன்னாள். வராது என்று அம்மாவும் சொன்னாள். சோஜி தலையை ஆட்டி ஆட்டி மறுத்தான். அவனைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் அக்கா சொன்னதுதான் சட்டம். அதை மாற்ற அக்காவால் மட்டும்தான் முடியும் என்று மினோரிக்குப் புரிந்தது. ரொம்பக் கஷ்டமான காரியம்தான்.

“சோஜி, அது பொய்டா.”

“எது?”

“மூச்சு பிடிச்சா கரண்ட் வராதுன்னு சொன்னது. எனக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்ச மாதிரிச் சும்மா சொன்னேன்.”

சோஜி அவளை உற்றுப் பார்த்தான். அவன் முகம் வாடிப்போனது. “அப்ப, பயந்தாங்கொள்ளின்னு சொன்னது?”

“அதுவும் பொய். நீ பயந்தாங்கொள்ளி இல்ல. நான்தான் பத்து நாளா பயந்துட்டுக் கெடக்கறேன்.”

அவன் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டான். மறுபடி கவ்விகள், மறுபடி குமிழ்கள். உலோகம் பட்டதும் பழக்க தோஷத்தில் அவன் கன்னம் உப்பத் தொடங்கியது. மினோரி கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, தன் முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

“என்னப் பாரு. நான் இழுக்கறப்போ நீயும் இழு. நான் விடறப்போ நீயும் விடு. போட்டி எல்லாம் இல்ல, சும்மா.”

அவள் மூச்சை இழுத்தாள். அவனும் இழுத்தான். அவள் விட்டாள். அவனும் விட்டான். காலையில் சாப்பிட்ட சோற்று உருண்டையின் ஊறுகாய் வாசனை அடித்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

மெஷின் கிர்ரென்றது. மினோரிக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

“வந்துடுச்சு!” என்றாள் நிஷிதா. “பாரு, எவ்வளவு அழகா வரிசையா இருக்கு. மூச்சு இழுக்கறப்போ கொஞ்சம் வேகம், விடறப்போ கொஞ்சம் நிதானம். சின்னப் பசங்களுக்கு இப்படித்தான் இருக்கும்.”

டாக்டர் ஹிராயமா எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேனும் எடுத்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டார். மினோரி தன் விரல் நகங்களை ஒவ்வொன்றாகக் கடித்து முடித்திருந்தாள்.

“நல்லா இருக்கான்,” என்றார் டாக்டர். “மூச்ச அடக்கி வெச்சதுல மேல இருக்கற பொறி ரொம்ப மெதுவாயிடுச்சு. நடுவுல இருக்கற காவல்காரன் பாத்தான். என்னடா இது, மேலருந்து சத்தமே இல்லையேன்னு தானே ஓர் அடி அடிச்சுட்டான். ஸ்கூல் தாள்ல ஒழுங்கில்லாம தெரிஞ்சது அதுதான்.”

“மேல இருக்கறது தூங்கிட்டா நடுவுல இருக்கறது பாத்துக்குமா?” என்று கேட்டாள் மினோரி.

“பாத்துக்கும்.”

“சார்ஜ் தீந்துடாதா?”

டாக்டர் சோஜியைப் பார்த்தார். “இவன் சோறு ஒழுங்காச் சாப்பிடறானா?”

“என்னோடதையும் சேத்துச் சாப்பிடறான்.”

“அப்ப தீராது. ஓடலாம், குதிக்கலாம், பள்ளிக்கூடத்துல நீச்சல் குளம் திறந்ததும் நீந்தலாம்.” டாக்டர் பேனாவை மூடினார். “மின்சாரத் தொட்டி மட்டும் வேண்டாம். அந்தப் பலகை சும்மா அழகுக்குத் தொங்கல.”

அம்மா டாக்டருக்குக் குனிந்து குனிந்து நன்றி சொன்னாள். நிஷிதாவுக்கும் சொன்னாள். அந்த ஈசிஜி மெஷினுக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பாள் போல. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் திரும்பி நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கறாராக இருந்தது.

“மினோரி, ஒரு மாசத்துக்கு, குளிக்கறவங்க தண்ணி மொள்ற மஞ்சள் பேசின் எல்லாத்தையும் நீதான் கழுவணும்.”

“சரிம்மா.”

“ஆம்பளைங்க பக்கத்துலயும் சேத்து.”

“சரிம்மா.”

“இனிமே இப்படி ஒண்ண மனசுல வெச்சுக்கிட்டு, தனியா...” என்ற அம்மா, மினோரியை இழுத்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். மினோரி அம்மாவின் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் நேரான சாலை. இரண்டு பக்கமும் மரங்கள். நடுவில் அகலமான நடைபாதை. சோஜி அதன் ஓரத்தில் போய் நின்றான். நின்றவன் அசையவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தான்.

“அக்கா, ஓடட்டுமா?”

வேண்டாம் என்ற சொல் மினோரியின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பத்து நாள் பழக்கம், சும்மா போகுமா? அவள் அதை விழுங்கினாள்.

“ஓடு!” என்றாள்.

சோஜி வில்லிலிருந்து விட்ட அம்பு போலப் பாய்ந்தான். மினோரியும் பின்னாலேயே ஓடினாள். விட்டுக்கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அவனே ஜெயித்துவிட்டான். ரயில் நிலையத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். சோஜியின் முகம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. அவன் நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்கியது. மினோரி அதைப் பார்த்தாள். கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“சீக்கிரம் வாங்க, ரயில் வந்துடும்!” என்று அம்மா பின்னாலிருந்து வேகவேகமாக வந்தாள்.

“அக்கா, இன்னொரு தடவை ஓடலாமா?”

“அம்மா, அடுத்த ரயில்ல போலாமா?” என்றாள் மினோரி.

அம்மா நிலையத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் இருவரையும் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடைபாதையின் நடுவில் வந்து நின்று, செருப்பு நுனியால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, பந்தயம் தொடங்கி வைப்பவள் போல ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.

“ரெண்டு பேரும் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க,” என்றாள்.